பஸ்ஸைத் தவறவிட்டவனும் பஸ் நிற்காதவனும்

கதாநாயகன் கடைசிவரை ஒரே ஆளாக இருக்க வேண்டுமா என்கிற கேள்வி நம்ம விமர்சகர்களுக்குப் புதிதல்ல. முதல் அத்தியாயத்தில் கோழையாக இருந்தவன் பத்தாம் அத்தியாயத்தில் காரணமில்லாமல் வீரனாகிவிட்டால் பாத்திரம் கெட்டுப்போச்சு என்பார்கள். அதே கேள்வி இப்போது வேறொரு பக்கத்திலிருந்து கிளம்பி வந்திருக்கிறது. விஷுவல் நாவல் என்று ஜப்பானில் ஒரு வடிவம் உண்டு. படமும் எழுத்தும் இசையும் சேர்ந்து கணினியில் ஓடுகிற கதை. அங்கங்கே கதை நின்றுவிடும். இவன் இப்போ என்ன செய்யட்டும் என்று படிக்கிறவனிடமே கேட்கும். நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து ஒரு பெண்ணை நோக்கியோ இன்னொரு பெண்ணை நோக்கியோ கதை திரும்பும். அந்தத் தடத்துக்கு ரூட் என்றே பெயர், பஸ் ரூட் மாதிரி. ஒரே பையன், மூன்று ரூட், மூன்று காதல், மூன்று முடிவு. மூன்றிலும் அவன் அதே பையன்தானா?

கூடுவாஞ்சேரியில் எங்கள் காலனிப் படிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே சண்டைதான். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் இதையெல்லாம் விளையாடி முடித்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் குணம் மாறாமல் இருப்பதை ஒரு தகுதி மாதிரியே எல்லோரும் பேசுகிறோம். மாறாமல் இருக்க யாரால் முடிகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்கிற கணக்கை யாரும் போடுவதில்லை.

முதலில் ஜப்பான் சமாசாரத்தை முடித்துவிடுவோம். 1994-இல் கொனாமி கம்பெனி வெளியிட்ட 'தோக்கிமேக்கி மெமோரியல்' என்கிற பள்ளிக்கூடக் காதல் விளையாட்டில் கதாநாயகனுக்கென்று சொந்த குணம் எதுவும் கிடையாது. படிப்பு, விளையாட்டு, தோற்றம் என்று சில எண்கள் உண்டு. படிப்பாளிப் பெண்ணின் மனசைப் பிடிக்க வேண்டுமா, படிப்பு எண்ணை ஏற்று. விளையாட்டு வீராங்கனையா, மைதானத்துக்கு அனுப்பு. பெண் எப்படியோ பையனும் அப்படி. இந்த மாதிரி விளையாட்டுகள் பலவற்றில் நாயகனின் முகத்தைக்கூட காட்ட மாட்டார்கள், காட்டினாலும் கண்ணை முடியால் மறைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்துகொள்ளட்டும் என்கிற ஏற்பாடு.

இதற்கு நேர் எதிர் 2004-இல் டைப்-மூன் வெளியிட்ட, நாசு கினோகோ எழுதிய 'ஃபேட்/ஸ்டே நைட்'. எமியா ஷிரோ என்கிற பையன் சின்ன வயசில் ஒரு பெரிய தீ விபத்தில் பிழைத்தவன். தன்னைக் காப்பாற்றி வளர்த்தவரிடமிருந்து ஒரு லட்சியத்தை வாங்கிக்கொள்கிறான்: எல்லோரையும் காப்பாற்றுகிறவனாக, நீதியின் தோழனாக ஆக வேண்டும். மூன்று ரூட். முதல் ரூட்டில் அந்த லட்சியத்தோடு போகிறான். இரண்டாவதில் அந்த லட்சியத்தாலேயே நாசமாகிப்போன தன் எதிர்கால உருவமே எதிரில் வந்து நிற்கிறது. அப்போதும் விடமாட்டேன் என்கிறான். மூன்றாவதில் சகுரா என்கிற பெண்ணுக்காக லட்சியத்தையே கைவிடுகிறான். அவளால் ஊருக்கே ஆபத்து என்று தெரிந்தும் அவள் பக்கம் நிற்கிறான். 'இது ஷிரோவே இல்லை' என்று ஒரு கட்சி. 'இதுதான் ஷிரோ' என்று இன்னொரு கட்சி. எழுதியவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் ரூட்டை முடிக்காமல் இரண்டாவது திறக்காது, இரண்டை முடிக்காமல் மூன்றாவது திறக்காது. லட்சியத்தோடு இரண்டு தடவை அவன் கூடவே நடந்த பிறகுதான் அவன் அதை உடைப்பதை நாம் பார்க்கிறோம். அவன் கைவிட்டது எவ்வளவு பெரிசு என்று நமக்குத் தெரிகிறது. அந்த மாற்றத்துக்கு அவன் விலை கொடுக்கிறான். அதனால் அவன் எனக்கு ஒரே ஆள்தான்.

சரி, நம்ம ஊரில் இப்படி ரூட் பிரிகிற கதை உண்டா? உண்டு. 2001-இல் ஜீவா எடுத்த '12பி'. ஷாம் நடித்த சக்தி வேலை தேடுகிற படித்த பையன். இன்டர்வியூவுக்குப் போகிற வழியில் ஒரு பெண்ணைப் பார்த்து நின்றுவிடுகிறான். 12பி பஸ் வருகிறது. பிடித்துவிட்டால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொரு வாழ்க்கை. படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. பஸ் பிடித்தவனுக்கு ஆபீஸ் வேலை, அங்கே சிம்ரன். விட்டவனுக்கு மெக்கானிக் வேலை, ஜோதிகா. 1998-இல் வந்த 'ஸ்லைடிங் டோர்ஸ்' என்கிற ஆங்கிலப் படத்தின் சாயல் என்று அப்போதே பேசினார்கள். அதற்கும் மூத்தது ஒன்று இருக்கிறது. போலந்தில் கீஸ்லோவ்ஸ்கி 1981-இல் எடுத்து, அரசாங்கம் முடக்கிவைத்து, 1987-இல்தான் வெளியான 'பிளைண்ட் சான்ஸ்'. வித்தேக் என்கிற மருத்துவ மாணவன் ரயிலைப் பிடிக்க பிளாட்பாரத்தில் ஓடுகிறான். பிடித்தால் கம்யூனிஸ்டுக் கட்சிக்காரனாகிறான். காவலாளியோடு மோதி மாட்டிக்கொண்டால் அரசை எதிர்க்கும் ரகசியக் குழுவில் போய்ச் சேருகிறான். மூன்றாவதில் எந்தப் பக்கமும் சேராத டாக்டராகக் குடும்பம் நடத்துகிறான். ஒவ்வொரு ரூட்டிலும் ஒரு பெண் உண்டு. ஆனால் ரூட் பிரிவது பெண்ணால் அல்ல, அரசியலால். ஒரே மனுஷன் மூன்று அரசியலில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் படம் கேட்பது. போலந்தில் ரயிலாக இருந்தது மெட்ராசுக்கு வந்து பஸ்ஸானபோது அரசியல் இறங்கிக்கொண்டது. சிம்ரனா ஜோதிகாவா என்பது மட்டும் மிச்சம்.

'12பி'யின் சக்தி இரண்டு வாழ்க்கையிலும் குணம் மாறாதவன்தான். பாத்திரப் படைப்பில் பெரிய பிசகு சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் அதே சிரிப்பு, அதே நல்ல பையன். கை கிரீஸானாலும் யாரும் அவனை வாசலில் நிறுத்தவில்லை. மெக்கானிக்காக இருந்தாலும் காதலிக்கத் தகுதியானவன் என்பதில் கதைக்குச் சந்தேகமே வரவில்லை. வேலை மாறுகிறது, காதலி மாறுகிறாள், அவனை ஊர் பார்க்கிற பார்வை மாறவில்லை. பார்வை மாறாதபோது குணம் ஏன் மாறப்போகிறது? ஜாதி சொல்லப்படாத நாயகன் என்று நாம் சொல்கிறோமே, ஜப்பான்காரன் கண்ணை மறைத்த பையன் மாதிரிதான் அவனும். யார் வேண்டுமானாலும் உள்ளே புகலாம் என்பார்கள். புகுந்து பார்த்தால்தான் தெரியும், அந்தச் சட்டை யார் அளவுக்குத் தைத்தது என்று.

அந்தக் கதையில் பஸ்ஸைத் தவறவிடுவது வெறும் தற்செயல். ஒரு நிமிஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்து, 2021-இல், மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. பொடியன்குளத்தில் பஸ் நிற்பதே இல்லை. நடுரோட்டில் வலிப்பு வந்து ஒரு சின்னப் பெண் துடிக்கிறாள், வண்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிறகு ஒரு கர்ப்பிணிக்காக நிற்காமல் போகிற பஸ் கல்லடி பட்டு உடைகிறது. கர்ணனுக்கும் ஒரு காதல் உண்டு, திரௌபதி. ஆனால் அவனுக்கு 'பிடித்திருந்தால்' என்கிற வாழ்க்கை எழுதப்படவே இல்லை. அவன் எத்தனை மணிக்கு வந்து நின்றாலும் ஒன்றுதான். இந்தப் படத்தைப் பார்த்தபிறகு '12பி'யைத் திரும்பப் பார்த்தால் அந்தப் பஸ் ஸ்டாப்பே வேறு மாதிரித் தெரிகிறது. பஸ் நின்றது அல்லவா, அதுவே பெரிய வரம்.

தென்மாவட்டத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1997-இல் விருதுநகரை மையமாக வைத்து அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. நம்ம ஆள் பெயர் ஒன்று ஏறியதும் எல்லா பஸ்ஸும் பெயரில்லாத பஸ் ஆகிவிட்டது. அதற்கு நாலே வருஷத்துக்குள் வந்த படத்தில், பஸ்ஸில் ஏறுவது தற்செயலான காரியம் என்று நம்பச் சொன்னார்கள். நாமும் பாட்டைக் கேட்டுக்கொண்டே நம்பினோம். ஹாரிஸ் ஜெயராஜ் நல்லாத்தான் போட்டிருந்தார், அதைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு படம், 2020 பிப்ரவரி 14-இல் வந்த அஷ்வத் மாரிமுத்துவின் 'ஓ மை கடவுளே'. ரூட் என்கிற வடிவத்துக்கு '12பி'யைவிட இது இன்னும் நெருக்கம். அர்ஜுன் (அசோக் செல்வன்) சின்ன வயசுத் தோழி அனுவை (ரித்திகா சிங்) கட்டிக்கொள்கிறான். ஒத்துவரவில்லை, விவாகரத்துக்கு நிற்கிறான். விஜய் சேதுபதி உருவத்தில் கடவுள் வந்து இரண்டாவது வாய்ப்பு தருகிறார். திரும்பிப்போய் அனுவை மறுத்துவிட்டு, மீராவின் (வாணி போஜன்) பின்னால் போகிறான். போனபிறகுதான் அனு யார் என்று தெரிகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விஷுவல் நாவலில் முந்தின ரூட்டை ஞாபகம் வைத்திருப்பது விளையாடுகிறவன் மட்டுமே. நாயகனுக்கு ஒன்றும் தெரியாது. 'ஓ மை கடவுளே'யில் நாயகனுக்கே ஞாபகம் இருக்கிறது. அதாவது விளையாடுகிறவனும் அவனே, ஆடப்படுகிறவனும் அவனே. ஆகவே அவன் மாறுவதில் முரண்பாடு இல்லை, கற்றுக்கொண்டு மாறுகிறான். சும்மா சொல்லக்கூடாது, அந்த இடங்கள் நன்றாக வந்திருக்கின்றன. புருஷனாக இருந்தபோது காதில் விழாததெல்லாம் மூன்றாம் மனுஷனாக நிற்கும்போது விழுகிறது. அனுவின் அப்பாவும் மாமனாராக இல்லாதபோதுதான் அவனுக்கு மனுஷராகத் தெரிகிறார்.

அந்த மாமனாரிடம்தான் எனக்கு வேலை. எம்.எஸ். பாஸ்கர் நடித்த பால்ராஜ். அவர் நடத்துவது கக்கூஸ் பீங்கான் செய்கிற கம்பெனி. முதல் ரூட்டில் மருமகன் அர்ஜுனுக்கு அங்கே தரம் பார்க்கிற வேலை. புதுசாக வந்திறங்கிய, இன்னும் யாரும் உட்காராத பீங்கானைச் சோதித்துப் பார்ப்பது. இந்த வேலை அவனுக்கு அவமானம். தியேட்டரில் அதற்குத்தான் சிரிப்பு. நடிகனாக வேண்டும் என்கிற ஆசை அடிபட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டேனே என்கிற குமைச்சல் கல்யாணத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. பிறகு அந்தத் தொழில் தனக்கு ஏன் முக்கியம் என்று பெரியவர் சொல்லும்போது அவன் மனம் இளகுகிறது.

இதே தமிழ்நாட்டில், இதற்கு மூன்று வருஷம் முன்னால், 2017-இல், திவ்யபாரதி 'கக்கூஸ்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு சட்டமும் வந்தபிறகும் யார் கை அள்ளிக்கொண்டிருக்கிறது என்று காட்டிய படம். சுத்தமான பீங்கானைத் தொடுகிறவனுக்கு அவமானம் வந்தால் அது ஒரு கதாநாயகனின் மன நெருக்கடி. கடவுளே இறங்கிவந்து வேறு ரூட் காட்டுகிறார். மலத்தில் இறங்குகிறவனுக்கு அவமானம் வந்தால்? அவனுக்கு ரூட் பிரிகிற இடமே கிடையாது. அப்பன் இறந்தால் வாரிசு வேலை என்று மகனுக்கு அதே வேலையைத்தான் கொடுக்கிறார்கள். இயக்குநருக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையை மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்றுதான் படம் முடிவில் சொல்லப் பார்க்கிறது. ஆனால் அந்த மரியாதை பீங்கானோடு நின்றுவிடுகிறது.

பெயர்களையும் பாருங்கள். அர்ஜுன் மாரிமுத்து, அனு பால்ராஜ். இவர்கள் கல்யாணத்துக்குப் பெயரும் தடையில்லை, மதமும் தடையில்லை, சாதி பற்றி மூச்சே இல்லை. அப்பா சம்மதிக்கிறார், கல்யாணம் நடக்கிறது. வெளியே அதே வருஷங்களில் என்ன நடந்தது? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி உட்பட மூன்று சேரிகள் எரிந்தன. காரணம் ஒரு கல்யாணம். 2013 ஜூலை 4 அன்று அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை இளவரசன் தண்டவாளத்துப் பக்கம் பிணமாகக் கிடந்தார். அதற்கு முந்தைய வாரங்களில் அவருடைய மனைவி தாயோடு போனார், இனி அவரோடு வாழ மாட்டேன் என்று சொன்னார். அப்போது பத்திரிகைக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் ஒன்றுபோலக் கேட்டது என்ன? 'நேத்து ஒன்னு சொல்றா, இன்னிக்கு ஒன்னு சொல்றா, இது என்ன பொண்ணு?' குணம் மாறிவிட்டாள் என்று தீர்ப்பு. அப்பா செத்துக் கிடக்க, மூன்று ஊர் சாம்பலாகக் கிடக்க, கட்சிகள் சுற்றி நிற்க, அந்தப் பெண்ணுக்கு முன்னால் என்ன தேர்வுகள் வைக்கப்பட்டிருந்தன என்று கேட்டவர்கள் குறைவு. பாத்திரம் ஒரே மாதிரி இல்லை என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தருகிறேன். கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் செங்கல்பட்டு – பீச் ரயிலில் போய்வருகிறவன். "ஷிரோ மூணு ரூட்லயும் வேற வேற ஆளுன்னு சண்ட போடுறானுங்கண்ணா. நான் ஒரே நாள்ல மூணு ஆளு. வீட்ல ஒருத்தன். ட்ரெயின்ல தாம்பரம் தாண்டுனா ஒருத்தன். ஆபீஸ்ல இன்னொருத்தன். ஆபீஸ்ல எம்பேர பாதி வெட்டித்தான் கூப்புடுவாங்க, நானே அப்டித்தான் சொல்லி வச்சேன். மதியானம் டப்பா தொறக்கும்போது நேத்து வீட்ல என்ன செஞ்சாங்கன்னு யாராவது கேட்டா பொய்தான். அங்க ஒரு பொண்ணு இருக்கு. அதுக்கு இவன்ல யாரப் புடிச்சிருக்குன்னு எனக்கே தெரியல."

இதைக் கேட்டு ஒரு தோழர், நீ உண்மையைச் சொல்லிவிடு, மறைப்பது அடிமைப் புத்தி என்றார். சொல்வது சுலபம். அந்தத் தம்பி பெயரை வெட்டிக்கொண்டது அந்தப் பெண்ணுக்காக அல்ல, அவளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, வேலைக்காக. 'தோக்கிமேக்கி மெமோரியல்' பையன் ஒவ்வொரு பெண்ணுக்குத் தக்கபடி மாறுவது காதல் தந்திரம். இவன் மாறுவது வாடகைக்கு வீடு கிடைக்க, டீமில் ஒட்டிக்கொள்ள, டப்பாவை நிம்மதியாகத் திறக்க. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'குணம் நிலையாக இல்லை' என்று சொல்வது விமர்சனமே அல்ல. மூன்று இடத்திலும் எதை அவன் விட்டுக்கொடுக்கவில்லை என்று தேடத் தெரிந்தவனே விமர்சகன். அவன் விட்டுக்கொடுக்காதது ஒன்று உண்டு. எவ்வளவு நேரமானாலும் ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வந்துவிடுவான்.

ரூட் மாறினாலும் ஆள் மாறாத ஒரு பாத்திரம் தமிழில் வந்திருக்கிறது. பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படத்து ரெனே. துஷாரா விஜயன் நடித்தார். புதுச்சேரியில் ஒரு நாடகக் குழு. ரெனேவின் இயற்பெயர் தமிழ். இனியன் (காளிதாஸ் ஜெயராம்) அவளுடைய காதலன். இளையராஜாவை வைத்துத் தொடங்குகிற ஒரு வாக்குவாதத்தில் அவன் வாயிலிருந்து சாதி வந்துவிடுகிறது, உறவு முறிகிறது. பிறகு அர்ஜுன் (கலையரசன்) வருகிறான். சாதிப் பழக்கத்தோடேயே வந்து சேர்ந்தவன், குடித்துவிட்டு அவளிடம் தப்பாக நடந்துகொள்கிறவன். அவனைக் குழுவைவிட்டு அனுப்பக்கூடாது, இருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவெடுக்கிறவள் அவளே. கவனியுங்கள், இங்கே தேர்வு செய்கிறவள் பெண். ரூட்டுகளாக நிற்பவர்கள் ஆண்கள். இவர்கள் இரண்டு பேரும்தான் மாறியாக வேண்டியிருக்கிறது. அவள் தன்னை அம்பேத்கரைட் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

ரெனேவின் உறுதி எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. களைப்பே இல்லாத பெண்ணாக இருக்கிறாள். ரஞ்சித் அவளுக்கு ஒரு நாடகக் குழுவைக் கொடுத்திருக்கிறார். சுற்றிலும் விவாதிக்கிற, மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனிதர்கள். அந்தப் பாதுகாப்புக்குள் நின்று நான் நான்தான் என்று சொல்ல முடிகிறது. கிண்டி ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ரெனே உட்கார்ந்தால் என்ன செய்வாள் என்று எழுதியிருந்தால் இன்னும் பெரிய பாத்திரமாகியிருப்பாள். ஆனாலும் இத்தனை வருஷத் தமிழ்ப் படத்தில் காதலுக்காகத் தன் பெயரையோ ஊரையோ ஒளிக்காத தலித் பெண் நாயகியை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால், இந்தக் குறையோடேயே அவளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் இப்போது தாங்களே ஒரு விளையாட்டு எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். ரென்பை என்று ஒரு இலவச மென்பொருள் 2004-இலிருந்து இருக்கிறது. உலகம் முழுக்க இந்த மாதிரிக் கதைகளைச் சின்னச் சின்ன ஆட்கள் அதில்தான் செய்கிறார்கள். பெரிய கணினி அறிவு தேவையில்லை, வசனத்தை எழுதிவிட்டு எங்கே தேர்வு வர வேண்டும் என்று குறித்தால் போதும். கதை கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் தொடங்குகிறது. காலை ரயில், பொத்தேரியில் இறங்குகிற கல்லூரிக் கூட்டம் எதிர்ப்பக்கம், நம்ம பையன் பீச் பக்கம் போகிற ரயிலுக்கு நிற்கிறான். மறைமலைநகரில் ஏறி வருகிற ஒரு பெண் ரயிலில் பழக்கமாகிறாள். ஒருநாள் கேட்கிறாள்: 'உங்க வீடு கூடுவாஞ்சேரில எங்க?' இங்கே முதல் தேர்வுப் பட்டியல். ஒன்று, 'ஸ்டேஷன் பக்கத்துல.' இரண்டு, 'நந்திவரம்.' மூன்று, 'காலனி.'

மூன்று வாரமாக அந்த இடத்திலேயே நிற்கிறார்கள். முதல் இரண்டுக்கும் கதை கடகடவென்று வந்துவிட்டது, சினிமாவில் பார்த்ததுதானே. மூன்றாவதை அழுத்தினால் அடுத்த காட்சியிலேயே அவள் வேறு பெட்டிக்குப் போய்விட வேண்டும் என்றான் ஒருவன். இல்லை, அவள் அண்ணன் வர வேண்டும் என்றான் இன்னொருவன். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் அதுவரை பேசாமல் இருந்தவள், "ஏன், அந்தப் பொண்ணு 'நாங்களும் காலனிதான்'னு சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். பையன்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. கதாநாயகி என்றால் ஊர்த்தெருப் பெண்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் கதையில் பிரச்சினையே இல்லாமல் போயிடுமே என்று ஒருத்தன் முணுமுணுத்தான். "பிரச்சினை இல்லன்னு யாரு சொன்னது? நான் எழுதிக் காட்டுறேன்" என்று அந்தக் கணினியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.